குளிர்வீக்கம்

இந்தியாவின் வடகோடியில், இமயமலைத் தொடர்களுக்கு இடையே அமைந்துள்ளது காஷ்மீர்ப் பள்ளத்தாக்கு. ஆண்டுதோறும் டிசம்பர்த் திங்கள் 21ஆம் நாள் தொடங்கி 40 நாள்கள் அங்குக் கடுங்குளிர் நிலவும். அக்காலத்தை அப்பகுதி மக்கள் 'சில்லே கலான்' என்று வழங்குவர். 'ஃபெரன்' என்னும் நீண்ட அங்கியை அணிந்து, அதனுள் 'காங்கிரி' என்னும் கணப்புச் சட்டியை ஏந்தியவாறு அவர்கள் நடமாடுவர். காங்கிரி என்பது பின்னிய கூடைக்குள் பொதிந்த சிறு மண்சட்டியாகும். அதில் கரித்தணல் கனன்றுகொண்டிருக்கும்.

இவ்வாறு காத்துக்கொண்டும், குளிர்காலத்தில் அங்குப் பலருடைய விரல்கள் சிவந்து வீங்குகின்றன. அரிப்பும் எரிச்சலும் உறக்கத்தைக் கெடுக்கின்றன. ஆங்கில மருத்துவ நூல்கள் 'சில்பிளெயின்' என்று குறிப்பிடும் இந்நோயைத் தமிழில் குளிர்வீக்கம் எனலாம். கைவிரல், கால்விரல், மூக்கு நுனி, காது மடல் ஆகியவையே இதற்கு இலக்காகும் இடங்கள்.

இந்நோய் எவ்வாறு தோன்றுகிறது? பனிச்சேற்றில் நடந்து, நனைந்த காலுறையுடன் வீடு திரும்பும் சிறுவன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். அவன் விரல்கள் விறைத்திருக்கின்றன. உடலின் வெப்பம் வீணாகாதவாறு, தோலிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் சுருங்கியிருக்கின்றன. அவன் விரைந்து சென்று விரல்களைத் தணலருகே நீட்டுகிறான். இரத்தத்தைக் கொண்டுவரும் குழாய்கள் உடனே விரிகின்றன. திரும்பக் கொண்டுசெல்லும் குழாய்களோ அவ்வளவு விரைவில் விரிவதில்லை. வாய்க்காலில் வெள்ளம் பெருகி வரும்போது வடிகால் குறுகியிருந்தால், நீர் கரையில் கசியுமன்றோ? அவ்வாறே குழாய்களிலிருந்து நீர்மம் கசிந்து தசையில் தேங்குகிறது. சில மணி நேரத்தில் வீக்கமும் அரிப்பும் தோன்றுகின்றன.

இந்நோய்க்கு உறைபனி வேண்டுவதில்லை. ஈரம் கலந்த குளிரே போதும். தசையே உறைந்து உணர்வற்றுப்போகும் பனிக்கடி இதனின் வேறானது. அதற்கு உடனே மருத்துவமனையை நாடுதல் வேண்டும்.

குளிர்வீக்கம் வாராமல் தடுப்பது எளிது. கைகால்களை மட்டுமன்றி, உடல் முழுவதையும் வெப்பமாக வைத்திருத்தல் வேண்டும். உடல் குளிர்ந்தால் விரல்களுக்குச் செல்லும் இரத்தம் குறைந்துவிடும். கம்பளிக் காலுறையும் கையுறையும் அணிதல் நன்று. நனைந்த காலுறையை உடனே மாற்றுதல் வேண்டும். இறுக்கமான காலணி இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். ஓரிடத்திலேயே அமர்ந்திராமல் அடிக்கடி நடத்தல் நலம். புகைபிடித்தல் இரத்தக் குழாய்களைச் சுருக்குமாதலின், அதனை விலக்குதல் வேண்டும்.

நோய் வந்தபின் செய்யத்தக்கவை யாவை? விரல்களை ஈரம் போகத் துடைத்து, கம்பளியால் போர்த்தி, மெல்ல மெல்ல வெப்பமடையச் செய்தல் வேண்டும். நெருப்பருகே நீட்டுவதும், வெந்நீரில் அமிழ்த்துவதும், அழுத்தித் தேய்ப்பதும் தீங்காகும். விறைத்த விரல் சூட்டை உணராதாதலின், தீப்புண் உண்டாவதும் உண்டு. அரிக்கும் இடத்தைச் சொறிந்தால் தோல் கிழிந்து புண்ணாகும். அதில் கிருமிகள் புகும். மேலும் குளிர்படாமல் காத்துவந்தால், வீக்கம் பெரும்பாலும் மூன்று வாரங்களுக்குள் தணிந்துவிடும். சீழ் பிடித்தாலும், நெடுநாள் ஆறாதிருந்தாலும், ஆண்டுதோறும் திரும்ப வந்தாலும் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். இரத்தக் குழாய்களை விரிக்கும் மருந்தை அவர் தேவையறிந்து கொடுப்பார். சிலரிடத்து இவ்வீக்கம் வேறொரு நோயின் அறிகுறியாக இருத்தலும் கூடும்.

காங்கிரியின்மீது குற்றம் இல்லை. உடல் குளிராமல் காப்பதற்கு அது துணைசெய்யும். விறைத்துப்போன விரலை நொடியில் சூடேற்றுவதற்கு உரியது அன்று. குளிர்ந்த விரலுக்கு வேண்டுவது வெப்பமே; ஆயினும் அவ்வெப்பம் பையப்பைய வருதல் வேண்டும்.