அட்டையில் யார் பெயர்?

"பாடினது வேற ஆளுங்க. வரி எழுதினதும் அவங்களேங்கிற. அப்புறம் எதுக்குப்பா இவர் பேரு மேல இருக்கு? பணம் போட்டவரா?"

சித்தப்பா கையில் என் ஃபோன். திரையில் 1988-இல் வந்த 'இன் கன்ட்ரோல், வால்யூம் 1' என்ற ஆல்பத்தின் அட்டை. மேலே இருந்த பெயர் மார்லி மார்ல், நியூயார்க்கின் ஹிப்ஹாப் புரொடியூசர். அந்தச் சொல்தான் சித்தப்பாவைக் குழப்பிவிட்டது. நமக்குப் புரொடியூசர் என்றால் படத்துக்குப் பணம் போடுகிறவர். ஹிப்ஹாப்பில் அது பாட்டின் தாளத்தையும் ஓசையையும் உண்டாக்குகிறவருக்கு உரிய பெயர்.

"அட, மியூசிக் டைரக்டர்னு சொல்லேன்" என்றார்.

கிட்டத்தட்ட அதுதான், ஆனால் முழுக்க அது இல்லை. நம் சினிமாவில் மெட்டு இசையமைப்பாளருடையது, வரி கவிஞருடையது, குரல் பாடகருடையது. ராப்பில் வரியை ராப்பரே எழுதுகிறார். எங்கே மூச்சு விடுவது, எந்தச் சொல்லை எந்த அடியில் இறக்குவது என்பதையும் அவரே முடிவு செய்கிறார். பாடும் மெட்டு பெரும்பாலும் கிடையாது. அப்படியென்றால் புரொடியூசருக்கு என்னதான் மிச்சம்?

டீ டம்ளரை ஓரமாக வைத்துவிட்டு மேசையில் விரலால் தட்டிக் காட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. இது ஒரு பார். இப்படிப் பதினாறு பார் சேர்ந்தால் வழக்கமான ஒரு வெர்ஸ், மொத்தம் 64 தட்டு. நிமிடத்துக்கு 96 தட்டு என்ற வேகத்தில் போனால் 40 நொடியில் முடிந்துவிடும். அந்த 40 நொடிக்குள் ராப்பர் தன்னை நிரூபித்தாக வேண்டும். அவர் நிற்கும் தரையைப் போட்டுக் கொடுப்பவர் புரொடியூசர். தரை நொடித்தால் எவ்வளவு நல்ல வரியும் விழுந்துவிடும்.

அந்தத் தரையை எதை வைத்துப் போடுவது என்பதில்தான் மார்லி மார்ல் ஒரு வழியைத் திறந்தார். 1980-களின் தொடக்கத்தில் பல ராப் பாட்டுகளுக்கு டிரம் மெஷின்தான் தாளம். ரோலண்ட் நிறுவனத்தின் டிஆர்-808 போன்ற மெஷினுக்குள் இருக்கும் ஓசை எல்லோருக்கும் ஒன்றுதான். ஒருநாள் பழைய இசைத்தட்டிலிருந்து ஒரு குரல் துண்டை எடுக்கப் போனபோது, கூடவே ஒரு ஸ்னேர் டிரம் அடியும் சாம்பிளருக்குள், அதாவது ஓசைத் துண்டைப் பதிந்து திரும்ப ஒலிக்கும் கருவிக்குள், விழுந்துவிட்டது என்று மார்லியே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்த ஒற்றை அடியைத் தன் தாளத்தோடு சேர்த்துத் தட்டிப் பார்த்தார். மெஷின் ஓசையைவிட அது உயிரோடு இருந்தது.

அதற்கு முன்பும் பழைய தட்டில் டிரம் மட்டும் வரும் இடத்தை டிஜேக்கள் திரும்பத் திரும்ப ஓட்டியதுண்டு. அதில் அந்த டிரம்மர் வாசித்த தாளம்தான் கிடைக்கும். மார்லியின் வழியில் அடிகளைத் தனித்தனியாகப் பிரித்தெடுத்து, புதிய தாளமாகக் கோக்கலாம். 1973-இல் ஹனி டிரிப்பர்ஸ் குழு வெளியிட்ட 'இம்பீச் த பிரெசிடென்ட்' பாட்டின் டிரம் அடிகளை, 1986-இல் எம்.சி. ஷான் பாடிய 'த பிரிட்ஜ்' பாட்டில் இப்படித்தான் புதிதாக அடுக்கினார். என்னைக் கேட்டால், ஹிப்ஹாப்பில் புரொடியூசருக்கென்று தனிக் கையெழுத்து வந்தது இதற்குப் பிறகுதான். டிரம் விழுவதைக் கேட்டே ஆளைச் சொல்லலாம் என்ற நிலை வந்தது.

மார்லி வளர்ந்த குவீன்ஸ்பிரிட்ஜ், அமெரிக்காவின் மிகப் பெரிய அரசு அடுக்கு வீட்டுக் குடியிருப்பு. அங்கே தன் வீட்டிலேயே பதிவு செய்துகொண்டிருந்தார். 1984-இல் அவர் பதிவு செய்த 'ராக்ஸான்ஸ் ரிவெஞ்ச்' பாட்டின் ராப்பர் ராக்ஸான் ஷான்டேவுக்கு அப்போது வயது பதினான்கு. டபிள்யூ.பி.எல்.எஸ். வானொலியில் ராப் நிகழ்ச்சி நடத்திய மிஸ்டர் மேஜிக்குக்கு மார்லிதான் டிஜே. இந்த வட்டத்தில் ஒவ்வொருவராகச் சேர்ந்த கூட்டத்துக்கு ஜூஸ் குரூ என்று பெயர். ஆல்பத்தின் விருந்தாளிகளில் பெரும்பாலோர் அந்தக் கூட்டம்தான்.

மொத்தம் பத்துப் பாட்டு. ஒன்றில் கிரெய்க் ஜி, இன்னொன்றில் டிராஜடி, ஒன்றில் பிஸ் மார்க்கியும் ஹெவி டி-யும் சேர்ந்து. பத்தும் ஒரே தரம் என்று சொல்லமாட்டேன். சிலவற்றில் காலத்தின் தூசு தெரிகிறது. ஆனால் 'த சிம்ஃபனி' என்ற ஒரு பாட்டுக்காகவே இந்த ஆல்பத்தைத் தேடிக் கேட்க வேண்டும்.

ஓடிஸ் ரெட்டிங்கின் 'ஹார்ட் டு ஹேண்டில்' பாட்டிலிருந்து ஒரு பியானோ துண்டு. அடியில் கனமான டிரம். அவ்வளவுதான் மேடை. அதில் நால்வர் வரிசையாக வருகிறார்கள்: மாஸ்டா ஏஸ், கிரெய்க் ஜி, கூல் ஜி ராப், பிக் டாடி கேன். முதல் ஆள் ஏறக்குறைய புதுமுகம். ஒரு ராப் போட்டியில் ஜெயித்து, பரிசாக மார்லியோடு ஆறு மணி நேரம் ஸ்டுடியோவில் வேலை செய்யும் வாய்ப்புப் பெற்றவர். அவர் நிதானமாகத் தொடங்குகிறார். மூன்றாவதாக வரும் ஜி ராப் சொற்களை இடைவெளியே இல்லாமல் கொட்டுகிறார். கடைசியில் கேன், எல்லாம் தெரிந்தவர்போல் சாவகாசமாக முடித்து வைக்கிறார். இந்த வரிசையை மாற்றிக் கேட்டுப் பார்க்க முடிந்தால் பாட்டு சரிந்துவிடும் என்றே நினைக்கிறேன். யாரைக் கூப்பிடுவது, யாருக்குப் பின்னால் யாரை விடுவது என்பதும் இசையமைப்பில் சேர்த்திதான் சித்தப்பா, என்றேன். பந்தியில் எதற்குப் பிறகு எதைப் பரிமாறுவது என்று தெரிந்தவர் அவர், தலையாட்டினார்.

"அடுத்தவன் பாட்டுலேர்ந்து எடுத்தா கேட்கமாட்டாங்களா?"

கேட்டார்கள். 1991 டிசம்பரில், இதே ஆல்பத்தில் பாடிய பிஸ் மார்க்கிக்கு எதிராகவே நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கில்பர்ட் ஓ'சல்லிவனின் பாட்டிலிருந்து அனுமதியில்லாமல் எடுத்தது குற்றம் என்றது. எடுக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் முன்கூட்டியே அனுமதியும் பணமும் என்ற நடைமுறை அதன்பின் இறுகியது. துண்டு துண்டாக நிறைய சாம்பிள் சேர்த்து ஆல்பம் செய்வது செலவு பிடிக்கும் காரியமாகிவிட்டது. உரிமைக்காரருக்குப் பணம் போவது நியாயம்தான். ஆனாலும் வீட்டில் உட்கார்ந்து பழைய தட்டுகளை வைத்துப் பரிசோதனை செய்யும் ஒரு பையனுக்கு அந்தக் கதவு பாதி சாத்தப்பட்டது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

மார்லி மார்லுக்குப் பிறகு, விருந்தாளிகளை அழைத்துத் தன் பெயரில் ஆல்பம் போடும் புரொடியூசர்கள் நிறைய வந்தார்கள். பீட் ராக்கின் 'சோல் சர்வைவர்' 1998-இல் வந்தது. டெட்ராய்ட்டின் ஜே டில்லா 2001-இல் 'வெல்கம் டு டெட்ராய்ட்' கொடுத்தார். அவற்றைப் பிறகு கேட்கலாம். முதலில் 'த சிம்ஃபனி'யைக் கேளுங்கள். ஆங்கிலம் வேகமாகப் போகிறதே என்று தயங்க வேண்டாம். முதல் தடவை வார்த்தைகளை விட்டுவிட்டுப் பியானோவையும் டிரம்மையும் மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது தடவை ஆள் மாறும் மூன்று இடங்களைக் கவனியுங்கள். வரிகளைத் தேடிப் படிப்பதை மூன்றாவது தடவைக்கு வைத்துக்கொள்ளலாம்.