ஏரி, ஓடை உள்ள நிலம் திட்டங்களுக்குப் போகுமா? நில ஒருங்கிணைப்புச் சட்டம் பற்றி விவசாயிகள் அறிய வேண்டியவை

2023 ஏப்ரல் 21, சட்டமன்றக் கூட்டத்தொடரின் கடைசி நாள். அன்று நிறைவேறிய மசோதாக்களில் இரண்டு கடும் எதிர்ப்பைச் சந்தித்தன. ஒன்று, தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம். தொழிற்சங்கங்கள் கொதித்தெழவே, பத்தே நாளில், மே 1 அன்று, அது திரும்பப் பெறப்படுவதாக முதல்வர் அறிவித்தார். மற்றொன்று, விவாதம் இல்லாமலே நிறைவேறிய தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்கான) மசோதா. விவசாயச் சங்கங்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் எதிர்த்தும், ஆளுநர் ஒப்புதல் பெற்று 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஊர்ப்பக்கம் பலருக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது.

பட்டா நிலத்தைக் கையகப்படுத்த வேறு சட்டங்கள் இருக்கின்றன. இது ஏரி, ஓடை, வாய்க்கால் போன்ற அரசு நிலங்களைப் பற்றியது. 100 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 250 ஏக்கருக்குக் குறையாத பரப்பில் நீர்நிலைகளும் இருந்தால், அதை அரசு சிறப்புத் திட்டமாக அறிவிக்கலாம். நடுவில் உள்ள அரசு நிலத்தை ஒருங்கிணைத்துத் திட்டத்துக்குத் தரலாம். தனித்தனி விதிகளால் பெரிய திட்டங்கள் தாமதமாகின்றன என்பது அரசின் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை.

நீர்நிலையின் அளவு குறையாது என்று சமாதானம் சொல்கிறார்கள். சிக்கலே அங்குதான். ஏரி என்பது சிமென்ட் தொட்டி அல்ல. மேலே வரத்து வாய்க்கால், கரையில் மதகு, உபரிக்குக் கலங்கல், கீழே ஆயக்கட்டு என்று மேடு பள்ளம் பார்த்து அமைந்தது. அதை மூடிவிட்டு, அதே கொள்ளளவில் ஒரு கிலோமீட்டர் தள்ளி வேறு குளம் வெட்டினால் காகிதத்தில் கணக்கு சரியாக வரும். புதுக்குளம் வயலைவிடப் பள்ளத்தில் இருந்தால் மோட்டார் வைத்துத்தான் இறைக்க வேண்டும். வரத்துக்கால் அறுந்தால் குளமே நிரம்பாது. மேல் ஏரியின் கலங்கல் நீரை நம்பியிருக்கும் கீழ் ஏரிக்காரர்கள் திட்ட எல்லைக்கு வெளியே இருந்தாலும் பாதிக்கப்படுவார்கள். அவர்களிடம் ஒரு சென்ட் நிலமும் எடுக்கப்படாததால், இழப்பீடு கேட்கவும் பிடி இருக்காது.

பரந்தூர் விமான நிலையத்துக்குக் குறிக்கப்பட்ட 13 கிராமங்களில் இந்தக் கவலைதான். அங்கே ஓடும் கம்பன் கால்வாய் கீழே பல ஏரிகளுக்கு நீர் கொண்டு போகிறது. ஏகனாபுரம் மக்கள் கிராம சபையில் திரும்பத் திரும்ப எதிர்ப்புத் தீர்மானம் போட்டிருக்கிறார்கள்.

நிபுணர் குழு தயாரிக்கும் வரைவுத் திட்டத்தின் மீது ஆட்சேபணை சொல்ல வாய்ப்பு உண்டு. "எங்கள் ஏரியை எடுக்காதீர்கள்" என்று மட்டும் எழுதினால் அது எடுபடாது. ஏரியின் புல எண், வரத்து வாய்க்கால் தொடங்கும் இடம், மதகுகளின் எண்ணிக்கை, பாசனம் பெறும் ஏக்கர், உபரி நீர் போய்ச் சேரும் ஏரி ஆகியவற்றை எழுதுங்கள். 'அ' பதிவேட்டையும் புல வரைபடத்தையும் இ-சேவை தளத்திலேயே எடுக்கலாம். கிராம வரைபடத்தில் வாய்க்கால் இருந்து, தரையில் தூர்ந்து போயிருந்தால் இப்போதே மனு கொடுத்துத் தூர்வாரச் சொல்லுங்கள். ஓடாத வாய்க்காலை 'பயன்பாட்டில் இல்லை' என்று எழுதிவிடுவது எளிது.

மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்றும் கிராம சபை கூடும். நீர்நிலைப் பட்டியலைத் தீர்மானமாகப் பதிவு செய்ய அது நல்ல நாள். தீர்மானத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். எந்த மனுவானாலும், தேதியோடு ஒப்புகை முத்திரை வாங்காமல் அலுவலகத்தை விட்டு வராதீர்கள்.