பின் சக்கரத்தில் எண்ணெய்க் கசிவா?

பழைய மோரிஸ் மைனர் வைத்திருக்கும் அன்பர்களே! பின் சக்கரத்தின் உட்புறம் எண்ணெய் வழிகிறதா? 'சொட்டுத்தானே' என்று விட்டுவிடாதீர்கள். அது பிரேக் கட்டையை நனைத்துவிட்டால், அவசரத்தில் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். கை பிரேக்கும் சரியாகப் பிடிக்காது. பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வண்டியல்லவா?

முதலில் எந்த எண்ணெய் என்று பாருங்கள். கெட்டியாக, காட்டமான வாடை அடித்தால் கியர் எண்ணெய். ஆயில் சீல் தேய்ந்திருக்கலாம். நீர்த்திருந்து, பிரேக் எண்ணெயும் குறைந்து வந்தால் கோளாறு பிரேக் சிலிண்டரில்.

சீலைக் குறை சொல்லுமுன் பின் அச்சின் எண்ணெய் மட்டத்தைக் கவனியுங்கள். ஊற்றும் துளையின் விளிம்பளவே போதும். அதிகமானால் புதுச் சீலும் கசியும்.

சீல் மாற்றும்போது அதன் உதடு எண்ணெய் இருக்கும் பக்கம் நோக்கட்டும். காகித கேஸ்கெட்டையும் புதிதாகப் போடுங்கள். நனைந்த கட்டையைப் பெட்ரோலில் கழுவி மாட்டாதீர்கள். இரு பக்கமும் புதிது போடுங்கள். டிரம்மிலுள்ள தூசியை ஊதவேண்டாம். பழைய கட்டைகளில் அஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். ஈரத்துணியால் துடையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் நுழையாதீர்கள்.

சீல் சிறியதுதான், அது காப்பதோ உங்கள் குடும்பத்தை!