கறிக்கோழித் தீவனம்: கிராமில் தவறினால் கிலோவில் நட்டம்

பல்லடம் பக்கம் நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டுக் கறிக்கோழி வளர்ப்பவர்களுக்குத் தீவனக் கவலை இல்லை. குஞ்சோடு தீவன மூட்டையையும் நிறுவனமே இறக்கிவிடும். சொந்தப் பணம் போட்டு ஐம்பது, நூறு, இருநூறு கோழி வளர்ப்பவர்கள் பாடுதான் திண்டாட்டம். கோழி வளர்ப்புச் செலவில் மூன்றில் இரண்டு பங்கு தீவனத்துக்கே போகிறது. ‘மக்காச்சோளம் நம் காட்டிலேயே விளைகிறது, புண்ணாக்கு செக்கில் கிடைக்கிறது, நாமே அரைத்துக் கலந்தால் என்ன?’ என்ற யோசனை வருவது இயல்பு.

கலக்கலாம். ஆனால் மக்காச்சோளமும் புண்ணாக்கும் மட்டும் சேர்ந்தால் அது இரைதான். சரிவிகிதத் தீவனம் ஆகாது. நாட்டுக்கோழி மேய்ச்சலில் புழு, பூச்சி, கீரை, மண் என்று குறையைத் தானே தேடி நிரப்பிக்கொள்ளும். கொட்டகைக்குள் ஆறு வாரத்தில் இரண்டு கிலோ எடைக்கு வர வேண்டிய பிராய்லருக்கு அந்த வழி கிடையாது. தட்டில் நாம் கொட்டியது மட்டும்தான் அதற்கு உலகம்.

எது எதற்கு?

மக்காச்சோளம் எரிசக்திக்கு. அதில் புரதம் 9 சதவீத அளவில்தான் இருக்கும். புரதத்துக்குச் சோயா புண்ணாக்கு. தீவனக் கடைகளில் சோயா டிஓசி என்பார்கள். அதில் புரதம் சுமார் 45 சதவீதம். எலும்புக்கு டிசிபி எனப்படும் டைகால்சியம் பாஸ்பேட்டும், கால்சைட் தூள் அல்லது கிளிஞ்சல் தூளும். பிறகு உப்பு, கொஞ்சம் எண்ணெய். கடைசியாக, கிராம் கணக்கில் சேரும் மெத்தியோனின், லைசின், வைட்டமின்கள், துத்தநாகம், மாங்கனீசு போன்ற நுண்தாதுக்கள்.

இந்தக் கடைசி வரிசையைத்தான் பலரும் ‘கொஞ்சம்தானே’ என்று விட்டுவிடுகிறார்கள். புரதம் என்பது ஒரே பொருள் இல்லை. பல அமினோ அமிலங்களின் கூட்டு. மக்காச்சோளமும் சோயாவும் சேர்ந்த கலவையில் முதலில் பற்றாக்குறையாவது மெத்தியோனின். அது குறைந்தால் மற்ற புரதம் எவ்வளவு இருந்தும் தசையாக மாறாது. யூரிக் அமிலமாக எச்சத்தில் வெளியேறிவிடும். உளுந்து குறைந்த மாவில் எவ்வளவு அரிசியைக் கூட்டினாலும் இட்லி மெத்தென்று வராது, அதே கதைதான். கூடுதல் புண்ணாக்குப் போட்டவருக்கு மிஞ்சுவது ஈரமான தரைப்பஞ்சும் கண்ணைக் கரிக்கும் அம்மோனியா நெடியும்தான்.

கணக்குப் போடும் முறை

குஞ்சுப் பருவத்தில் 22 முதல் 23 சதவீதம் புரதம் வேண்டும். நான்காம் வாரத்திலிருந்து 20 போதும். 100 கிலோ தொடக்கத் தீவனம் கலக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எண்ணெய், தாது, உப்பு, மருந்து வகையெல்லாம் 7 கிலோ போக, தானியத்துக்கும் புண்ணாக்குக்கும் மிஞ்சுவது 93 கிலோ.

அந்த 93 கிலோவும் மக்காச்சோளமே என்றால் புரதம் 8.4 கிலோ கூட வராது. தேவை 22 கிலோ. குறைவது 13.6 கிலோ. ஒரு கிலோ மக்காச்சோளத்தை எடுத்துவிட்டு ஒரு கிலோ சோயா போட்டால் 360 கிராம் புரதம் கூடும். 13.6-ஐ 0.36-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 38. ஆக, சோயா 38 கிலோ, மக்காச்சோளம் 55 கிலோ. உங்களிடம் உள்ள பொருளின் புரத அளவு வேறாக இருந்தால் எண்ணை மாற்றி இதே கணக்கைப் போடலாம்.

100 கிலோவுக்கான மாதிரி அளவு:

தொடக்கத் தீவனம் (முதல் 3 வாரம்)
- மக்காச்சோளம்: 55 கிலோ
- சோயா டிஓசி: 38 கிலோ
- எண்ணெய்: 3 கிலோ
- டிசிபி: 1.9 கிலோ
- கால்சைட் தூள்: 1.2 கிலோ
- உப்பு: 300 கிராம்
- மெத்தியோனின்: 200 கிராம்
- லைசின்: 100 கிராம்
- வைட்டமின், நுண்தாது, கோலின்: எல்லாம் சேர்த்து 300 கிராம்

முடிவுத் தீவனம் (4-ஆம் வாரம் முதல்)
- மக்காச்சோளம்: 61 கிலோ
- சோயா டிஓசி: 32 கிலோ
- எண்ணெய்: 3.5 கிலோ
- டிசிபி: 1.7 கிலோ
- கால்சைட் தூள்: 1.1 கிலோ
- உப்பு: 300 கிராம்
- மெத்தியோனின் 150 கிராம், வைட்டமின் முதலியவை 250 கிராம்

வைட்டமின், நுண்தாதுக் கலவைகளின் அளவு தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். பாக்கெட்டில் அச்சிட்டிருப்பதே சரியான அளவு. அதற்கேற்ப மக்காச்சோளத்தை முன்பின் ஆக்கிக்கொள்ளுங்கள். கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக் கலந்த தீவனச் சேர்க்கைகளுக்கு 2019 முதல் இந்தியாவில் தடை உள்ளது. பழைய சரக்கை யாராவது தலையில் கட்டினால் வாங்காதீர்கள். இரத்தக் கழிச்சல் தடுப்பு மருந்தைக் கால்நடை மருத்துவரைக் கேட்டே சேர்க்க வேண்டும்.

மாற்றுப் பொருள்கள்

மக்காச்சோளத்தின் விலை ஏறும்போது அதில் ஒரு பகுதியைக் கம்பாலோ அரிசிக் குருணையாலோ ஈடுகட்டலாம். தவிட்டை 5 கிலோவுக்கு மேல் ஏற்றாதீர்கள். நார் கூடினால் வயிறு நிறையும், எடை ஏறாது. கடலைப் புண்ணாக்கில் புரதம் சோயாவுக்கு நிகராக இருந்தாலும் லைசின் ஏறக்குறைய பாதிதான். 5 கிலோ அளவில் நிறுத்திக்கொண்டு லைசினைக் கூட்ட வேண்டும். பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு மாட்டுக்கு ஆகும். அதிலுள்ள காசிப்பால் என்ற நச்சுப்பொருள் கோழிக்கு ஆகாது. பச்சைச் சோயா பருப்பையும் அப்படியே அரைத்துப் போடக் கூடாது. செரிமானத்தைத் தடுக்கும் பொருள் அதில் உண்டு. சூடு பட்டால்தான் அது அழியும்.

கருவாட்டுத் தூள் நல்ல பொருள்தான். ஆனால் மணலும் உப்பும் கலந்து வருவது வழக்கம். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி போட்டுக் கலக்கிப் பாருங்கள். மணல் உடனே அடியில் உட்கார்ந்துவிடும். உப்புக் கருவாடு சேர்த்தால் தனியாக உப்புப் போடத் தேவையில்லை. விற்பனைக்கு முந்தைய வாரம் கருவாட்டை நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் கறியில் மீன் வாடை வரும்.

பூஞ்சைக்கு இடம் கொடுக்காதீர்கள்

1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் மடிந்தன. பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்குதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உலகுக்கு அறிமுகமானது அப்படித்தான். இது கோழியின் ஈரலைக் கெடுக்கும், நோய் எதிர்ப்பைக் குறைக்கும். கொதிக்க வைத்தாலும் போகாது.

தானியம் ஈரமாக இருந்தால்தான் பூஞ்சை பிடிக்கும். ஈரமானி இல்லாதவர்கள் உப்பை வைத்தே பார்க்கலாம். நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் கால் பங்கு மக்காச்சோளம் போட்டு, ஒரு கரண்டி காய்ந்த தூள் உப்பைச் சேர்த்து மூடி, சில நிமிடம் குலுக்கிவிட்டு வையுங்கள். உப்பு கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொண்டால் ஈரப்பதம் 15 சதவீதத்தைத் தாண்டியிருக்கிறது. இன்னும் காய வேண்டும். ஒட்டாமல் உதிர்ந்தால் ஓரளவு காய்ந்திருக்கிறது. சேமித்து வைப்பதற்கு 12 சதவீதத்துக்குக் கீழே இறங்குவது நல்லது. சந்தேகம் இருந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலுள்ள தீவனப் பகுப்பாய்வு ஆய்வகத்தில் மாதிரி கொடுத்துப் பார்க்கலாம்.

கலப்பதில்தான் சூட்சுமம்

தானியத்தை மாவாக அரைக்காமல் நொய்யாக உடைக்க வேண்டும். மாவு அலகில் ஒட்டும், தூசியாகப் பறக்கும். பெரிய துண்டாக இருந்தால் கோழி சோளத்தை மட்டும் பொறுக்கித் தின்று, விலை உயர்ந்த தூளையெல்லாம் தட்டின் அடியில் விட்டுவிடும்.

200 கிராம் மெத்தியோனினை நேராக 100 கிலோக் குவியலில் தூவினால் ஒரு கோழிக்கு மிதமிஞ்சும், இன்னொன்றுக்கு ஒன்றுமே போகாது. கிராம் கணக்குப் பொருள்களையெல்லாம் முதலில் 2 கிலோ உடைத்த சோளத்தில் பிசறுங்கள். அதை 5 கிலோவில், பிறகு 20 கிலோவில். அதன்பின் சிமென்ட் தரையில் முழுக் குவியலோடு சேர்த்து மண்வெட்டியால் இடம் மாற்றி இடம் மாற்றி நான்கைந்து முறையாவது புரட்ட வேண்டும். எண்ணெய் கடைசியில், தெளித்தாற்போல்.

சீராகக் கலந்ததா என்று பார்க்க ஒரு வழி உண்டு. முதல் 2 கிலோவிலேயே 100 கிராம் கேழ்வரகைச் சேர்த்துவிடுங்கள். கலந்து முடித்ததும் குவியலின் நான்கு இடத்திலிருந்து 100 கிராம் வீதம் எடுத்து, வெள்ளைத் துணியில் பரப்பி, செந்நிற மணிகளை எண்ணுங்கள். எல்லாவற்றிலும் முப்பது, நாற்பது என்று அருகருகே வந்தால் சரி. ஒன்றில் ஐம்பது, இன்னொன்றில் பத்து என்றால் மறுபடியும் மண்வெட்டியை எடுக்க வேண்டியதுதான்.

கலந்ததைப் பலகை மேல், சுவரில் படாமல் அடுக்கி, இரண்டு மூன்று வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். நாளாக ஆக எண்ணெய் சிக்குப் பிடிக்கும், வைட்டமின் வீரியம் இழக்கும்.

லாபமா, நட்டமா?

முதல் வார முடிவில் குஞ்சின் எடை, வந்த அன்று இருந்ததைப் போல நான்கு மடங்கு ஆகியிருக்க வேண்டும். 40 கிராம் குஞ்சு 160-ஐத் தொடவில்லை என்றால் தீவனத்தையோ வெப்பத்தையோ சந்தேகியுங்கள். இறகு சரியாக முளைக்காமல் ஒன்றையொன்று கொத்தினால் மெத்தியோனினையும் உப்பையும் பாருங்கள். கால் விரல் உள்ளே மடங்கினால் வைட்டமின் பி2, அலகு ரப்பர் போல வளைந்தால் வைட்டமின் டி அல்லது சுண்ணாம்பு, பாஸ்பரஸ் குறை.

புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் இரண்டு வாரத்துக்குக் கடைத் தீவனமே வாங்கிப் போடுவது புத்திசாலித்தனம். ஒரு கோழி விற்பனை வரை தின்னும் தீவனத்தில் அந்த இரண்டு வாரப் பங்கு மிகச் சிறியது. ஆனால் தவறு நேர்ந்தால் ஈடுகட்டவே முடியாத காலம் அது.

கடைசிக் கணக்கைத் தராசுதான் சொல்லும். தின்ற தீவனத்தை ஏறிய எடையால் வகுத்தால் வருவது தீவன மாற்று விகிதம். உதாரணத்துக்கு, கடைத் தீவனம் கிலோ 40 ரூபாய், விகிதம் 1.7 என்றால் ஒரு கிலோ எடைக்கு 68 ரூபாய். சொந்தக் கலவை 35 ரூபாய்தான். ஆனால் விகிதம் 2 என்றால் 70 ரூபாய். மூட்டைக்கு மூட்டை மிச்சம் பிடித்தவர், கோழிக்குக் கோழி நட்டப்படுகிறார். விகிதம் 1.9-க்கு இறங்கினால் 66.50, கலந்த உழைப்புக்கு அப்போதுதான் கூலி கிடைக்கும். வாரம் ஒரு முறை பத்துக் கோழியை எடை போட்டு, தீவனக் கணக்கோடு சேர்த்து ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். அந்த நோட்டு இல்லாமல் சொந்தத் தீவனம் மலிவு என்று யாரும் சொல்ல முடியாது.