.என்வ் கோப்பு: நிரப்பும், ஆனா மாத்தாது

பிள்ளையார்பட்டியையும் சேர்த்து நகரத்தார் கோயில்கள் ஒன்பது. இந்த ஒன்பது ஊர்க் குறிப்புகளையும் தேட ஒரு சின்ன நோட்ஜேஎஸ் சர்வர் எழுதுறோம்னு வச்சுக்குங்க. டேட்டாபேஸ் முகவரி, பாஸ்வேர்ட், போர்ட் எண் இதெல்லாம் நிரலுக்குள்ள இருக்கக் கூடாது. நம்ம லேப்டாப்பில் இருப்பது சோதனை டேட்டாபேஸ். வாடகை சர்வரில் இருப்பது நிஜமானது. நிரல் ஒண்ணுதான். கல்வெட்டு மாதிரி நிரலில் வெட்டி வச்சுட்டா இடம் மாறும்போதெல்லாம் கொத்தி எடுக்கணும்.

அதுக்குத்தான் சூழல் மாறிகள். இது புதுசு இல்லை, 1979-இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே உண்டு. நோட் இவற்றை ப்ராசஸ்.என்வ் என்ற பெயரில் நம்மிடம் தருது. ஆனா .என்வ் என்ற கோப்பு இருப்பதே ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குத் தெரியாது. அதை யாராவது படிச்சு ப்ராசஸ்.என்வ்-க்குள் போடணும். நெடுநாளாக டாட்என்வ் தொகுப்பு இந்த வேலையைச் செய்யுது. 2023-இல் வந்த நோட் 20.6 முதல், தொகுப்பே இல்லாமல் 'என்வ்-ஃபைல்' என்ற ஆப்ஷனோடு நோடைத் தொடங்கலாம்.

இங்கேதான் கவனிக்கணும். ஏற்கெனவே ஒரு மாறிக்கு மதிப்பு இருந்தா, இரண்டு முறையும் அதைத் தொடாது. காலியா இருப்பதை மட்டும் நிரப்பும். காலையில் ஏதோ வேலைக்காக டெர்மினலில் நிஜ டேட்டாபேஸ் முகவரியை எக்ஸ்போர்ட் பண்ணியிருக்கீங்க. சாயங்காலம் அதே டெர்மினலில், சோதனைத் தரவை அழிக்கும் ஸ்கிரிப்டை ஓட்டுறீங்க. .என்வ் கோப்பைத் திறந்து பார்த்தா சோதனை முகவரிதான் இருக்கு. அழிவது என்னவோ நிஜத் தரவு! விதியைக் குறை சொல்ல மாட்டேன். சர்வரில் தவறி வந்து சேர்ந்த ஒரு கோப்பு அங்குள்ள அமைப்பைக் கவிழ்க்காமல் காப்பதும் அதே விதிதான். அதனால் அழிக்கிற ஸ்கிரிப்ட் எதுவும் முதலில் டேட்டாபேஸ் பெயரைக் காட்டி, அது சோதனை இல்லைன்னா நின்னுடணும். பாஸ்வேர்டைக் காட்ட வேண்டாம்.

அடுத்தது நேரம். இஎஸ் மாட்யூலில் இம்போர்ட் வரிகள் எல்லாம் முதலில் ஓடி முடிஞ்ச பிறகுதான் மற்ற வரிகள் ஓடும். டாட்என்வ்-ஐ நடுவில் கூப்பிட்டா, டேட்டாபேஸ் மாட்யூல் அதுக்கு முன்னாடியே வெறும் மாறியைப் படிச்சிருக்கும். 'டாட்என்வ்/கான்ஃபிக்' என்பதை முதல் இம்போர்ட்டா வச்சா சரியாகும். இன்னொண்ணு: டாட்என்வ் கோப்பைத் தேடுவது நிரல் இருக்கும் ஃபோல்டரில் இல்லை, நீங்க நிக்கிற ஃபோல்டரில். கிரான் வேற ஃபோல்டரிலிருந்து ஓட்டினா கோப்பு கிடைக்காது, டாட்என்வ் நிரலை நிறுத்தவும் செய்யாது. நோடின் ஆப்ஷன் கோப்பு இல்லைன்னா உடனே நின்னுடும். எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு.

வரும் மதிப்பு எல்லாமே எழுத்துச் சரம். 'ஃபால்ஸ்'னு எழுதினாலும் இஃப்-க்கு அது உண்மைதான். பாஸ்வேர்டில் # இருந்தா மேற்கோளுக்குள் போடுங்க, இல்லைன்னா அதுக்குப் பிறகு உள்ளது கமென்ட் ஆயிடும்.

கிட்டில் ஏத்த வேண்டியது மாறிகளின் பெயர் மட்டும் உள்ள மாதிரிக் கோப்பு. நிஜக் கோப்பு ஏற்கெனவே ஏறியிருந்தா, அழிச்சாலும் பழைய கமிட்டில் கிடக்கும். பாஸ்வேர்டையே மாத்திடுங்க.