வீட்டுக்குள் ஓர் இசை வகுப்பு

மலேசியாவில் 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன, பாடங்கள் திறன்பேசிக்கும் கணினிக்கும் இடம்பெயர்ந்தன. மொழியும் கணிதமும் பயிற்சித்தாள்களின் துணையோடு தொடர்ந்தன. தொடக்கப்பள்ளி இசைக்கல்வியோ வேறொரு சிக்கலை எதிர்கொண்டது. சேர்ந்து பாடுவதும் சேர்ந்து தாளமிடுவதும் இசை வகுப்பின் உயிர்நாடி. ஆளுக்கொரு வீட்டில் அமர்ந்திருக்கும் மாணவர்கள் எவ்வாறு ஒரே குரலில் பாடுவது?

இக்கேள்வி பெருந்தொற்றுக் காலத்தோடு முடிந்துவிடவில்லை. ஜொகூர் மாநிலத்தைப் பொறுத்தவரை, பள்ளிக்கதவு திடீரென மூடப்படுவது புதிதுமன்று. 2019ஆம் ஆண்டு மார்ச் மாதம், கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட நச்சுக் கழிவினால் பாசிர் கூடாங் வட்டாரத்தில் 111 பள்ளிகள் மூடப்பட்டன. 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏற்பட்ட பெருவெள்ளம் பத்து பகாட், சிகாமட், குளுவாங் முதலிய மாவட்டங்களைப் பாதித்தது. இத்தகைய வேளைகளில் மாணவர்கள் வீட்டிலிருந்தே கற்க வேண்டியுள்ளது. எனவே, இயங்கலையில் இசை கற்பது எவ்வாறு என்பதை அறிந்திருப்பது நன்மை தரும்.

ஒரே நேரத்தில் பாட இயலாதது ஏன்?

ஒலி காற்றில் நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் வேகத்தில் செல்கிறது. மேடையில் பத்து மீட்டர் இடைவெளியில் நிற்கும் இருவரில் ஒருவரது குரல் மற்றவரை 0.03 நொடியில் அடைந்துவிடும். இத்தாமதத்தைக் காது பெரிதாக உணர்வதில்லை. இணையவழிச் சந்திப்பில் நிலைமை வேறு. அங்கே குரல் எண்களாக மாற்றப்பட்டு, சிறு சிறு பொதிகளாகப் பிரிக்கப்பட்டு, வழங்கிகளின் ஊடாகப் பயணம் செய்து, மறுமுனையில் மீண்டும் ஒலியாகிறது. இதற்குக் கால் நொடி ஆனாலும் போதும், பாட்டு குலைந்துவிடும். நிமிடத்திற்கு 120 தட்டுகள் கொண்ட பாடலில் ஒரு தட்டின் அளவு அரை நொடி. கால் நொடித் தாமதம் என்பது பாதித் தட்டு. ஒருவர் முடிக்கும் இடத்தில் மற்றவர் தொடங்கியிருக்க மாட்டார்.

இன்னொரு தடையும் உண்டு. சந்திப்புச் செயலிகள் பேச்சுக்காக உருவாக்கப்பட்டவை. மின்விசிறியின் இரைச்சல்போல் தொடர்ந்து ஒலிப்பவற்றை அவை தேவையற்ற ஓசை எனக் கருதி வடிகட்டுகின்றன. நீட்டிப் பாடும் குரலும் ரெக்கோடரின் நெடிய ஒலியும் சில வேளைகளில் இதே வடிகட்டியில் சிக்கி அறுந்துபோகின்றன. சூம் போன்ற செயலிகளில் மூல ஒலியை அப்படியே அனுப்பும் அமைப்பு இருக்கிறது. அதனைத் தெரிவு செய்தால் இக்குறை குறையும்; தாமதம் மட்டும் நீங்காது.

தடையைச் சுற்றிச் செல்லும் வழிகள்

தாமதத்தை ஒழிக்க முடியாதபோது, அது தொல்லை தராத நடவடிக்கைகளைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை. முதலாவது, எதிரொலிப் பாடல். ஆசிரியர் ஓர் அடியைப் பாடி நிறுத்துகிறார். ஒரு மாணவர் அதனைத் திருப்பிப் பாடுகிறார். இருவர் குரலும் ஒன்றன்மேல் ஒன்று விழாததால் தாமதம் குறுக்கிடுவதில்லை. மற்ற மாணவர்கள் ஒலிவாங்கியை அடைத்துவிட்டு அவரவர் வீட்டில் உடன் பாடலாம்.

இரண்டாவது, கண்ணால் காணத்தக்க தாளம். ஆதி தாளத்திற்கு எட்டு எண்ணிக்கை. ஒரு தட்டு, அடுத்துச் சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். பின்னர் ஒரு தட்டு, ஒரு வீச்சு. மீண்டும் ஒரு தட்டு, ஒரு வீச்சு. ஒலி அடைக்கப்பட்டிருந்தாலும் கை திரையில் தெரியும். யார் சீராக எண்ணுகிறார், யார் விரைகிறார் என்பதை ஆசிரியர் பார்த்தே அறிந்துகொள்வார். மேலை நாட்டு இசைக்கல்வியிலும் இதற்கு இணையான முறை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் கர்வென் ஒவ்வொரு சுரத்திற்கும் ஒரு கைச்சைகையை வகுத்தார். பின்னாளில் ஹங்கேரி நாட்டு இசையறிஞர் ஸோல்தான் கோடாயின் வழிவந்த கல்விமுறை அச்சைகைகளை உலகெங்கும் பரப்பியது. ச, ரி, க, ம, ப, த, நி எனப் பாடும்போது கையை வயிற்றருகே தொடங்கிப் படிப்படியாக உயர்த்துவதன் வாயிலாகவும் சிறுவர்கள் சுரங்களின் ஏற்ற இறக்கத்தை உணரலாம். பழந்தமிழ் இசையில் ஏழு சுரங்களும் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் எனப் பெயர் பெற்றிருந்ததையும் அப்போது அறிமுகப்படுத்தலாம்.

மூன்றாவது, தனித்தனியே பதிந்து ஒன்றாகக் கோத்தல். மாணவர் காதணி ஒலிப்பானில் வழிகாட்டி இசையைக் கேட்டபடி தம் குரலை மட்டும் பதிவு செய்கிறார். ஆசிரியர் அப்பதிவுகளை வரிசைப்படுத்திக் கூட்டுப்பாடலாக்குகிறார். அமெரிக்க இசையமைப்பாளர் எரிக் விட்டேக்கர் 2010ஆம் ஆண்டில் 12 நாடுகளைச் சேர்ந்த 185 பாடகர்களின் குரல்களை இவ்வாறே ஒன்றிணைத்து வெளியிட்டார். ஒரு வகுப்பின் அளவில் இதனைச் செய்வது எளிது. எனினும், சிறுவர்களின் முகமும் குரலும் அடங்கிய பதிவுகளைப் பெற்றோரின் இசைவின்றிப் பொதுவெளியில் பகிர்தல் கூடாது.

கருவி இல்லாத வீடு

இவை யாவும் மாணவரிடம் கருவி இருந்தால்தான் கைகூடும். கல்வி அமைச்சு 2020ஆம் ஆண்டில் பெற்றோரிடம் நடத்திய ஆய்வில், ஏறக்குறைய 37 விழுக்காட்டு மாணவர்களிடம் எவ்வகை மின்னியல் கருவியும் இல்லை என்பது தெரியவந்தது. கருவி உள்ள பல வீடுகளிலும் ஒரே திறன்பேசியை உடன்பிறந்தோர் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்நிலையில் தமிழ்மொழிக்கும் கணிதத்திற்குமே நேரம் போதாது. முதலில் கைவிடப்படுவது இசைப்பாடமாகவே இருக்கும்.

ஆகவே, செலவு குறைந்த வழியை நாடுவது ஆசிரியரின் கடமையாகிறது. நொடிக்கு 64 கிலோபிட் அளவில் பதிந்த ஒரு நிமிட ஒலிப்பதிவு அரை மெகாபைட்டைத் தாண்டாது. நொடிக்கு ஒரு மெகாபிட் அளவிலான ஒரு நிமிடக் காணொலியோ ஏழரை மெகாபைட் ஆகும். ஒரு காணொலிக்குச் செலவாகும் தரவில் பதினைந்து ஒலிப்பதிவுகளை அனுப்பலாம். பாடலைப் புலனத்தில் ஒலிப்பதிவாக அனுப்பினால், இணைய வசதி குன்றிய தோட்டப்புறத்திலும், தந்தை வேலை முடிந்து திறன்பேசியோடு வீடு திரும்பிய பின்னர் மாணவர் அதனைக் கேட்டுப் பழகலாம்.

சில பாடங்களுக்கு இணையமே தேவையில்லை. ஒரே அளவான கண்ணாடிக் குவளைகளில் வெவ்வேறு அளவு நீரை ஊற்றிக் கரண்டியால் மெல்லத் தட்டினால், நீர் மிகுந்த குவளை தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும். நீரின் சுமையால் கண்ணாடி மெதுவாக அதிர்வதே காரணம். அதே நீரைப் போத்தல்களில் ஊற்றி வாய்ப்புறத்தில் ஊதினால் விளைவு தலைகீழாகும். நீர் மிகுந்த போத்தல் உயர்ந்த சுருதியில் ஒலிக்கும். இங்கே அதிர்வது உள்ளிருக்கும் காற்று. நீர் கூடக் கூடக் காற்றுக்கான இடம் சுருங்குகிறது. புல்லாங்குழலின் துளைகளை மூடித் திறப்பதும் இதே அடிப்படையில்தான். கண்ணாடி உடையக்கூடும் என்பதால் பெரியவர் ஒருவர் உடனிருப்பது நலம்.

கேட்டலும் தேடலும்

பாடுவதும் வாசிப்பதும் மட்டுமே இசைக்கல்வி ஆகாது. கேட்கப் பழகுவதும் அதன் பகுதியே. இதற்கு ஜொகூர் வளமான நிலம். இம்மாநிலத்தின் மலாய் கஸல் இசையில் காம்புஸ், வயலின் ஆகியவற்றோடு ஆர்மோனியமும் தபேலாவும் ஒலிக்கின்றன. கோயில் பஜனையில் கேட்ட அதே கருவிகளை மலாய்ப் பாடலிலும் இனங்காணும் மாணவர் வியப்படைவார். ஜொகூர் பாருவில் 1988ஆம் ஆண்டில் தோன்றிய இருபத்து நான்கு பருவ முரசுக் கலை, சீன நாட்காட்டியின் 24 பருவங்களை ஒவ்வொரு முரசுக்கும் பெயராகச் சூட்டியது. இவற்றின் பதிவுகளை வலையொளியில் கேட்டு, கருவிகளின் பெயரையும் தாளத்தின் வேகத்தையும் ஏட்டில் குறிப்பது ஒரு நல்ல நடவடிக்கை.

வீட்டிலேயே ஒரு தேடலையும் நடத்தலாம். தாத்தா பாட்டிக்குத் தெரிந்த தாலாட்டையும் தோட்டத்து வேலைப் பாடல்களையும் அவர்களைப் பாடச் சொல்லிப் பதிவு செய்யலாம். யாரிடமிருந்து கற்றார்கள், எந்தத் தோட்டத்தில் பாடினார்கள் என்பதையும் கேட்டுக் குறிக்கலாம். பள்ளி வகுப்பறைக்குள் நுழையாத இப்பாடல்கள், மாணவர் வீட்டில் கற்கும் காலத்தில்தான் பாடமாக முடியும். கேட்டு வைக்காவிட்டால் அவை பாடியவரோடு மறைந்துவிடும்.

இயங்கலை வகுப்பு எல்லாவற்றையும் ஈடு செய்துவிடாது. ரெக்கோடரின் துளையை விரல் முழுதாக மூடாததைத் திரையில் கண்டுபிடிப்பது கடினம். அருகில் இருக்கும் ஆசிரியர் ஒரு நொடியில் விரலைத் திருத்திவிடுவார். நண்பனின் குரலோடு தன் குரல் இணையும்போது உண்டாகும் மகிழ்ச்சியும் இணையவழி முழுமையாகக் கிட்டாது. பள்ளி மீண்டும் திறந்ததும் மாணவர்கள் சேர்ந்து பாட வேண்டும் என்பதற்காகவே, மூடியிருக்கும் நாள்களிலும் அவர்களது காதும் குரலும் பழக்கத்தில் இருத்தல் வேண்டும். அதற்கு வீட்டில் ஒருவர் துணை நின்றால் போதும். இடைநிலைப்பள்ளியில் பயிலும் அண்ணனோ அக்காவோ நாள்தோறும் பத்து நிமிடம் ஒதுக்கித் தம்பி தங்கையோடு தாளமிட்டுப் பாடினால், அவ்வீட்டில் இசை வகுப்பு நடந்துவிடும். ஒரே வீட்டில் பாடுவோருக்குத் தாமதமும் இல்லை.