ஓடுபாதையில் ஒரு பூங்கா

மாலை வெயில் சாயும் நேரத்தில் பெர்லின் நகரின் டெம்பல்ஹோஃப் வெளிக்குப் போனால், ஒரு காலத்தில் விமானம் ஏறி இறங்கிய ஓடுபாதையில் குழந்தைகள் சைக்கிள் பழகிக்கொண்டிருப்பார்கள். சக்கரப் பலகையில் நின்றபடி, கையில் பிடித்த ராட்சதப் பட்டம் இழுக்கும் திசையில் ஒருவர் சர்ரென்று போவார். நடுவெளியில் ஒதுங்கி நிற்க ஒரு மரநிழல்கூடக் கிடையாது. புல்லும் காற்றும் வானமும்தான். சுமார் 300 ஹெக்டேர், அதாவது 740 ஏக்கர். நகரத்தின் நடுவே இவ்வளவு இடம் சும்மா கிடந்தால் யாருக்குத்தான் கை பரபரக்காது?

அப்படியும் அந்தப் புல்வெளியில் ஒரு அடுக்குமாடி எழவில்லை. வேண்டாம் என்று ஊர் மக்கள் சொன்னார்கள், சொன்னது சட்டமாயிற்று.

1923இல் திறக்கப்பட்ட விமான நிலையம் இது. நாஜி ஆட்சியில் இதன் ஓரத்தில் கொலம்பியா ஹவுஸ் என்ற வதைமுகாம் இருந்தது. 1948இல் சோவியத் படை மேற்கு பெர்லினுக்கான தரைவழிகளை அடைத்தபோது, மாவும் நிலக்கரியும் விமானங்களில் வந்து இறங்கிய இடங்களுள் முக்கியமானதும் இதுவே. கேல் ஹால்வர்சன் என்ற அமெரிக்க விமானி, கைக்குட்டைகளில் மிட்டாய் கட்டி, வேலிக்கு வெளியே காத்திருந்த பிள்ளைகளுக்கு வானிலிருந்து போட்டார். பெர்லின்காரர்களுக்கு இது வெறும் காலி மனை அல்ல.

விமான நிலையத்தை மூடக் கூடாது என்று கோரி 2008 ஏப்ரலில் ஒரு பொது வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் பெரும்பான்மையோர் ஆதரித்தும், தேவையான எண்ணிக்கை எட்டாததால் அது தோற்றது. அதே ஆண்டு அக்டோபரில் விமானப் போக்குவரத்து நின்றுபோயிற்று. 2010 மே 8 அன்று வேலிக் கதவுகள் மக்களுக்குத் திறந்தன.

அடுத்து வந்தது அரசின் திட்டம். நடுப்புல்வெளி அப்படியே இருக்கும், ஓரங்களில் சுமார் 4,700 வீடுகளும் ஒரு பெரிய நூலகமும் வரும் என்றார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. வாடகை ஏறிக்கொண்டிருந்த நகரம் அது. ஆனால் வரைபடம் தயாரான பிறகு கூட்டப்படும் கருத்துக் கேட்பு, முகூர்த்தம் குறித்துவிட்டுப் பெண்ணிடம் சம்மதம் கேட்பது போலத்தான். ‘100 சதவீதம் டெம்பல்ஹோஃப் வெளி’ என்ற குடிமக்கள் குழு, முழு நிலமும் திறந்தவெளியாகவே இருக்கட்டும் என்று தானே ஒரு சட்ட முன்வரைவு எழுதி, 1,80,000க்கும் மேற்பட்ட செல்லுபடியாகும் கையெழுத்துகளைத் திரட்டிக் கொடுத்தது.

2014 மே 25, ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல் நாள். வாக்குச்சாவடியில் மக்கள் முன் இரண்டு முன்வரைவுகள் இருந்தன: ஒன்று குடிமக்களுடையது, மற்றொன்று ஓரங்களில் கட்ட வழிவிடும் மாற்று முன்வரைவு. குடிமக்களின் வரைவை 64.3 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். மாற்று வரைவு விழுந்தது.

வீட்டுப் பஞ்சம் தெரிந்தும் மக்கள் ஏன் இப்படி முடிவெடுத்தார்கள்? புல்வெளி மீதுள்ள பாசம் ஒரு பாதிதான். மறுபாதி அவநம்பிக்கை. கட்டப்போகும் வீடுகளில் எளியவர்களுக்குக் கட்டுப்படியாகும் வாடகை கிடைக்குமா என்ற கேள்விக்கு அவர்கள் நம்பும்படி பதில் வரவில்லை. 2012இல் திறப்பதாகச் சொன்ன புதிய பெர்லின் விமான நிலையம் அப்போதும் திறந்தபாடில்லை, 2020இல்தான் திறந்தது. அரசின் வாக்குறுதியை ஊர் எந்தக் கண்ணால் பார்த்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

உண்மையில் இந்தக் கதையின் சாரம் வாக்கெடுப்புக்குப் பிந்தைய ஈராண்டுகளில் இருக்கிறது. பராமரிப்புத் திட்டத்தை யாரோ ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்துவிடவில்லை. மக்களும் அதிகாரிகளும் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து பேசினார்கள். பெஞ்ச் எங்கே, கழிப்பறை எங்கே, வெளிவட்டத்தில் எத்தனை மரம் என்று எல்லாம் பேச்சுக்கு வந்தன. 2016இல் திட்டம் முடிவானது. தேர்ந்தெடுக்கப்பட்ட குடிமக்கள் அதிகாரிகளோடு அமரும் ஒருங்கிணைப்புக் குழுவும் அமைந்தது. சலிப்பூட்டும் வேலைதான். ஒரு பூங்கா மக்களுடையதாக மாறுவது இந்தச் சலிப்பைப் பொறுத்துக்கொள்ளும்போதுதான்.

சட்டம் கல்லாய்ச் சமைந்தும் நிற்கவில்லை. 2015இல் அகதிகள் பெருமளவில் வந்தபோது பழைய விமானக் கொட்டகைகளில் ஆயிரக்கணக்கானோர் தங்கவைக்கப்பட்டார்கள். அடுத்த ஆண்டே ஓரங்களில் தற்காலிகக் குடியிருப்பு அமைக்கச் சட்டம் திருத்தப்பட்டது. மக்கள் தீர்ப்பில் கைவைத்தார்கள் என்று கோபப்பட்டவர்களும் உண்டு. அந்தக் கோபம் புரிகிறது. ஆனால் தலைக்கு மேல் கூரையில்லாதவர்களுக்குக் கொஞ்ச காலம் இடம் கொடுத்ததைத் தவறென்று சொல்ல மனம் வரவில்லை.

வீட்டுப் பஞ்சம் முற்றவே, ஓரங்களில் கட்டும் பேச்சு மறுபடி எழுந்தது. 2023இல் பொறுப்பேற்ற கூட்டணி அரசு அதைக் கையிலெடுத்தது. இம்முறை குடவோலை போலக் குலுக்கல் முறையில் ஊர் மக்களைத் தேர்ந்தெடுத்து, 2024இல் பட்டறைகளில் உட்காரவைத்துக் கேட்டது. சுமார் 275 பேர். அந்த வெளியோடு தனிப் பிணைப்பு இல்லாதவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். இந்த 275 பேரில் பெரும்பான்மையோரும் கட்ட வேண்டாம் என்றே சொன்னார்கள். பத்தாண்டு இடைவெளியில், வேறு வழியில் கேட்டும், பதில் மாறவில்லை.

கிழக்கு ஓரத்தில், 2011இல் தொடங்கிய சமூகத் தோட்டம் இருக்கிறது. தரையைத் தோண்ட அனுமதியில்லை என்பதால் பழைய பலகைகளைக் கொண்டு பெட்டி செய்து, மண் நிரப்பித் தக்காளியும் சூரியகாந்தியும் வளர்க்கிறார்கள். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், வசந்தம் வந்ததும் புல்வெளியில் பெரும் பரப்பை அடைத்து வைக்கிறார்கள். தரையில் கூடு கட்டும் வானம்பாடிகள் ஜூலை வரை அங்கே குஞ்சு பொரிக்கும். அதுவரை பட்டம் விடுகிறவர்களும் நாயோடு வருகிறவர்களும் சுற்றிக்கொண்டுதான் போகிறார்கள்.